ஞாபகத்துக்கு ஓர் அளவு

அம்மாவின் காரியங்களெல்லாம் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை எனக்கும் அக்காவுக்கும் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட பெட்டிகளில் என்னென்ன இருக்குமோ, அவையெல்லாம் இருந்தன. இரண்டு பட்டுப் புடவைகள், நிலப் பத்திரத்தின் நகல், அப்பாவின் மூக்குக் கண்ணாடி, 2016-இல் செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மடித்து நூல் சுற்றிய ஒரு சிறு பொட்டலம். அதைப் பிரித்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

பொட்டலத்துக்குள் இருந்தது ஒரு மெமரி கார்டு. இன்று நம் செல்போனுக்குள் போகிறதே, விரல் நகம் போன்ற சில்லு, அது அல்ல. தீப்பெட்டி லேபிள் அளவுக்கு அகலமாக, கறுப்பாக, ஒரு பக்கத்தில் பொன்னிறத் தகடு பதித்தது. ஒரு மூலை சரித்து வெட்டப்பட்டிருந்தது. மேலே 16 என்று எண் போட்டிருந்தது.

2002-ஆம் வருஷப் பொங்கலுக்கு அக்காவும் அவள் கணவரும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர் ஒரு டிஜிட்டல் காமிரா கொண்டு வந்திருந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல் டிஜிட்டல் காமிரா. பொங்கலன்று காலையில் அதை என் கையில் கொடுத்து, "இஷ்டம்போல் எடு தம்பி, பிலிம் செலவு கிடையாது" என்றார். எடுத்துத் தள்ளினேன். அவர் ஊருக்குக் கிளம்பும்போது கார்டை மட்டும் கழற்றி அம்மாவிடம் கொடுத்து, "அத்தை, இதிலே எல்லார் படமும் இருக்கிறது. தம்பி பட்டணம் போகும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அதை வாங்கிப் பத்திரப்படுத்தினாள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம், "அந்தப் படத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றாயே, என்னடா ஆயிற்று?" என்று கேட்பாள். பிலிம் கழுவிய காலத்து மனுஷி அவள். "ஆகட்டும் அம்மா, அடுத்த தடவை" என்பேன். ஐந்தாறு வருஷங்களுக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் மறந்து போனேன். அவள் மட்டும் அதை எறியவில்லை.

இப்போது எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தேன். என்னிடம் இருந்த எந்தச் சாதனத்திலும் அதைச் செருகத் துவாரம் இல்லை. தெருக்கோடிக் கடைக்குப் போனேன். அங்கே நின்ற பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், பஸ் பாஸா?" என்று கேட்டான்.

அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டான். செல்லாத நோட்டோடு செல்லாத கார்டையும் சேர்த்துத்தான் அம்மா வைத்திருந்திருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. நோட்டைச் செல்லாது என்று அறிவித்தது ஒரு சர்க்கார். இந்தக் கார்டைச் செல்லாது என்று சொன்னது யார்? எப்போது? இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது. கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் உட்கார்ந்து எழுந்து வந்தவன் நான். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் தூரம் அதிகம். ஆனாலும் தேடிப் படிக்கப் படிக்க, அது இயந்திரத்தின் கதையாகத் தோன்றவில்லை. பங்காளிச் சண்டையும் சமாதானமும் கலந்த ஒரு குடும்பக் கதையாகவே தோன்றியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

*

முதலில், இந்தக் கார்டுக்குள் ஞாபகம் எப்படித் தங்குகிறது?

1967-இல் அமெரிக்காவில் பெல் சோதனைச்சாலையில் டாவோன் காங் என்ற கொரியரும் சைமன் ஸீ என்ற சீனரும் ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். டிரான்ஸிஸ்டருக்குள்ளே, நாலு புறமும் மின்சாரம் பாயாத காப்புச் சுவர் எழுப்பி, நடுவில் ஒரு சிறு அறை கட்டுவது. அந்த அறைக்குள் எலெக்ட்ரான்களைப் பலவந்தமாகத் தள்ளிவிட்டால், அவை வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் போகா. அறையில் ஆள் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். இப்படிக் கோடிக்கணக்கான அறைகள் சேர்ந்தால் ஒரு கடிதம், ஒரு பாட்டு, ஒரு முகம்.

ஆனால் எழுதியதை அழிப்பது பெரும் பாடாக இருந்தது. ஒரு வகைச் சில்லை, தலையில் கண்ணாடி ஜன்னல் வைத்து, ஊதாக்கடந்த ஒளியில் பல நிமிஷங்கள் காய வைக்க வேண்டும். இன்னொரு வகையை மின்சாரத்தால் அழிக்கலாம். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் கூடுதலாக ஒரு டிரான்ஸிஸ்டர் காவல் நிற்க வேண்டும். விலை கட்டுப்படி ஆகவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானில் டோஷிபா கம்பெனியில் உத்தியோகம் பார்த்த புஜியோ மஸுவோக்கா. 1943-இல் பிறந்தவர், 1971-இல் கம்பெனியில் சேர்ந்தவர். ஒவ்வோர் அறையாகத் திறந்து காலி செய்வதற்குப் பதில், ஒரு தெருவையே ஒரே வீச்சில் காலி செய்துவிட்டால் என்ன என்று யோசித்தார். ஒவ்வோர் அறைக்கும் தனிக் காவலாள் வேண்டியதில்லை. ஓர் அறைக்கு ஒரு டிரான்ஸிஸ்டர் போதும். விலை சரிந்துவிடும். இப்படி ஒரே கணத்தில் எல்லாம் அழிவது காமிராவின் பிளாஷ் விளக்கு மின்னுவதை ஞாபகப்படுத்துகிறது என்று ஷோஜி அரியிஸுமி என்ற சகா சொன்னார். 'பிளாஷ்' என்ற பெயர் நிலைத்தது. காமிராவுக்குள்ளேயே பின்னால் குடியேறப் போகிற வஸ்துவுக்குக் காமிரா விளக்கின் பெயர் முன்கூட்டியே வந்து சேர்ந்ததை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

1984-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்த ஒரு மகாநாட்டில் மஸுவோக்கா இதை அறிவித்தார். 1987-இல் இன்னும் நெருக்கமாக அறைகளை அடுக்கும் 'நாண்ட்' என்ற முறையையும் அறிவித்தார். நம் கார்டுகளில் இருப்பது இந்த நாண்ட் வகைதான். கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது? அவர் 1994-இல் கம்பெனியை விட்டு விலகி, தாம் படித்த தொஹோகு பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியராகப் போனார். 2004-இல் தமக்குச் சேர வேண்டிய பங்கில் நூறு கோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2006-இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமாதானமாக முடிந்தது. உலகத்தின் ஞாபகத்தையெல்லாம் சுமக்கிற ஒரு பொருளைப் படைத்தவரின் பெயர் அதே உலகத்துக்கு ஞாபகமில்லை. என்ன செய்வது?

*

சரக்கு தயாராகிவிட்டது. இனி அதைப் போட்டு விற்பதற்கு ஒரு படி வேண்டும்.

நம் ஊர்களில் முன்னாளில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. இந்த ஊர்ப் படி நெல் அடுத்த ஊரில் படிக்குக் குறையும். இது வியாபாரிக்கு லாபம், வாங்குகிறவனுக்குத் தலைவலி. தராசும் படியும் ஒன்றாக வேண்டும் என்று சட்டம் போட ஒரு சர்க்கார் தேவைப்பட்டது. மெமரி கார்டுகளின் உலகத்தில் அப்படிச் சட்டம் போடச் சர்க்கார் எதுவும் இல்லை. கம்பெனிகள் தாங்களே கூடிப் பேசி ஒப்புக்கொண்டால்தான் உண்டு. ஒப்புக்கொள்வதில் யாருக்கு இஷ்டம்?

மடிக்கணினிகளுக்காக அப்படி ஓர் ஒப்பந்தம் 1989-இல் தொடங்கியது. பி.ஸி.எம்.ஸி.ஐ.ஏ. என்ற சங்கம் கூடி, நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர் என்று, ஏறக்குறைய ஏ.டி.எம். கார்டின் அளவில் ஓர் அட்டைக்கு இலக்கணம் வகுத்தது. 68 ஊசித் துளைகள். சங்கத்தின் பெயரை யாராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஞாபகத்துக்காக ஏற்பட்ட சங்கத்துக்கு இந்தக் கதி. பிறகு அட்டையைப் 'பி.ஸி. கார்டு' என்று சுருக்கிவிட்டார்கள்.

ஆனால் காமிராவுக்கும் சட்டைப்பைக்கும் அது பெரிது. இதற்குள் கலிபோர்னியாவில் 1988-இல் மூன்று பேர் சேர்ந்து ஸன்டிஸ்க் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள்: எலி ஹராரி, ஜாக் யுவான், நம் கான்பூரில் பிறந்த ஸஞ்சய் மெஹ்ரோத்ரா. 1995-இல் பெயரை ஸான்டிஸ்க் என்று மாற்றிக்கொண்ட கம்பெனி இதுதான். 1994-இல் இவர்கள் 'காம்பாக்ட் பிளாஷ்' என்ற கார்டைக் கொண்டு வந்தார்கள். பழைய அட்டையில் பாதிக்கும் குறைவான அளவு, 50 துளைகள். சாமர்த்தியம் எங்கே என்றால், ஒரு சாதாரணச் சட்டத்துக்குள் பொருத்தினால் அது பழைய பி.ஸி. கார்டு துவாரத்திலும் போகும். புதிதாக வந்த மருமகள் மாமியாரின் பாஷையைப் பேசக் கற்றுக்கொண்டு வந்தது போல. 1996-இல் கோடக் கம்பெனியின் டிஸி25 என்ற காமிரா அதற்கு இடம் கொடுத்தது. தொழில் முறைக் காமிராக்காரர்கள் அதன் பிறகு பல வருஷங்கள் அதை விடவில்லை.

அதோடு இன்னொரு புத்தியும் அந்தக் கார்டில் இருந்தது. சரக்கறையைக் காக்கும் கணக்குப்பிள்ளையை, அதாவது எந்த அறையில் எது இருக்கிறது என்று நிர்வகிக்கும் சில்லை, கார்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நாளைக்குப் பெரிய கிடங்கு வந்தால் கணக்குப்பிள்ளையும் கூடவே வருவான், காமிராவுக்குக் கவலையில்லை.

இந்தப் புத்தி இல்லாமல் பிறந்ததுதான் எங்கள் அம்மாவின் பெட்டியில் கிடந்த கார்டு.

*

டோஷிபா 1995-இல் அதை வெளியிட்டபோது நோக்கம் பிளாப்பி டிஸ்க்கின் வாரிசு ஆவது. பிற்பாடு 'ஸ்மார்ட் மீடியா' என்று அழகான பெயர் வைத்தார்கள். 45 மில்லிமீட்டர் நீளம், 37 அகலம், கனம் முக்கால் மில்லிமீட்டர். உள்ளே வெறும் கிடங்குதான்; கணக்குப்பிள்ளை கிடையாது. அந்த வேலையைக் காமிராவே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் விலை மலிவு. மலிவானதால் பல காமிராக் கம்பெனிகள் ஆவலோடு ஏற்றுக்கொண்டன. பிளாப்பி டிஸ்க் வடிவத்திலேயே ஒரு கூடு வந்தது; அதற்குள் இந்தக் கார்டைச் செருகி, கூட்டைக் கணினியின் பிளாப்பி வாயில் தள்ளினால் படங்கள் இறங்கும். கூட்டுக்குள் கைக்கடிகாரத்துக்குப் போடுவது போன்ற சிறிய பாட்டரி. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

ஆனால் சோதனை வந்தது. 5 வோல்ட் கார்டு ஒன்று, 3.3 வோல்ட் கார்டு ஒன்று என்று இரண்டு ஜாதிகள். வெட்டிய மூலை இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துத்தான் ஜாதியை அறிய வேண்டும். கொள்ளளவு ஏற ஏற, பழைய காமிராக்களுக்குப் புதிய கார்டின் கணக்கு விளங்கவில்லை. 128 மெகாபைட்டுக்கு மேல் அது வளரவே இல்லை. அதை ஆதரித்தவர்களே 2002-க்குப் பிறகு கைவிட்டார்கள். அக்காளின் கணவர் என் கையில் கொடுத்த காமிரா, அப்போதே முடிவு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வம்சத்தைச் சேர்ந்தது. எங்கள் யாருக்கும் அது தெரியாது. கடைக்காரன் யாரிடமும் அதைச் சொல்லி விற்பதில்லை.

*

இனிப் பெரிய யுத்தம்.

ஸோனி கம்பெனிக்கு இந்த விஷயத்தில் பழைய காயம் ஒன்று உண்டு. 1975-இல் அது பீட்டாமாக்ஸ் என்ற விடியோ டேப்பைக் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே ஜே.வி.ஸி. கம்பெனி வி.எச்.எஸ். டேப்பைக் கொண்டு வந்து, அதன் தாய்க் கம்பெனியான மத்ஸுஷிதாவின் பலத்தோடு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ஸோனியைத் தோற்கடித்தது. தோல்வியிலிருந்து ஒருவன் என்ன பாடம் படிக்கிறான் என்பது அவரவர் சுபாவம். அடுத்த தடவை எல்லாரையும் சேர்த்துக்கொள்வோம் என்று நினைக்கலாம். அடுத்த தடவை இன்னும் நன்றாகச் செய்து தனியாகவே ஜெயிப்போம் என்றும் நினைக்கலாம்.

1998-இல் ஸோனி 'மெமரி ஸ்டிக்' என்ற கார்டை வெளியிட்டது. 50 மில்லிமீட்டர் நீளம், 21.5 அகலம், மென்று துப்பும் சூயிங்கம் பட்டையின் வடிவம். கையில் பிடிக்க லட்சணமான பொருள். ஸோனியின் காமிரா, ஸோனியின் கணினி, ஸோனியின் பாட்டுப்பெட்டி எல்லாவற்றிலும் போகும். பிற வீட்டுக் கதவுகள் பெரும்பாலும் திறக்கவில்லை. அதுவும் 128 மெகாபைட்டில் முட்டிக்கொண்டு நின்றது. 2003-இல் ஒரே கார்டுக்குள் இரண்டு 128-ஐ வைத்து, பின்புறம் ஒரு குட்டிச் சுவிட்சு போட்டு விற்றார்கள். இந்தப் பக்கம் நிறைந்தால் சுவிட்சைத் தள்ளி அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட கதை.

எதிர்த் தரப்பில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸான்டிஸ்க்கும் ஜெர்மனியின் ஸீமென்ஸும் சேர்ந்து 1997-இல் 'மல்டிமீடியா கார்டு' என்று ஒன்றைச் செய்திருந்தன. 32 மில்லிமீட்டருக்கு 24. ஒரு பெரிய தபால்தலை அளவு. 1999 ஆகஸ்டில் மூன்று கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து ஓர் அறிவிப்புச் செய்தன: மத்ஸுஷிதா, டோஷிபா, ஸான்டிஸ்க். மூவரில் இருவர் தங்கள் சொந்தக் குழந்தைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். டோஷிபாவுக்கு ஸ்மார்ட் மீடியா இருந்தது. ஸான்டிஸ்க்குக்குக் காம்பாக்ட் பிளாஷும் மல்டிமீடியா கார்டும் இருந்தன. "என் கார்டுதான்" என்று மூவரும் மூன்று மூலையில் நின்றிருந்தால் ஸோனி ஜெயித்திருக்கும். அவர்கள் நாலாவதாக ஒன்றைச் செய்தார்கள். அதுதான் எஸ்.டி. கார்டு.

நீள அகலம் மல்டிமீடியா கார்டின் அதே அளவு. கனம் மட்டும் 2.1 மில்லிமீட்டர். இதனால் பழைய மெல்லிய கார்டு புதிய துவாரத்தில் போகும். புதிய கார்டு பழைய துவாரத்தில் போகாது. வயதானவர்களுக்கு உட்கார இடம் விட்டுவைத்த மரியாதை இது. 2000 ஜனவரியில் ஒரு சங்கம் ஏற்படுத்தி, உலகத்திலுள்ள எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் சந்தா கட்டிச் சேரலாம் என்றார்கள். தர்மசத்திரம் அல்ல, காசு வாங்கிக்கொண்டுதான். ஆனால் கதவு திறந்திருந்தது.

அந்தக் கார்டின் முகத்தில் ஓர் அடையாளம் உண்டு. வாசகர்கள் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எஸ், டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களில் இரண்டாவது எழுத்து, வட்டமான ஒலித்தட்டு ஒன்று பாதி தெரிவதுபோல இருக்கும். சதுரக் கார்டுக்கு வட்டத் தட்டின் படம் எதற்கு? அங்கே ஒரு சின்னச் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. 1995-இல் சினிமாப் படத்தைத் தட்டில் அடைக்க இரண்டு கோஷ்டிகள் போட்டியிட்டன. ஒரு பக்கம் ஸோனியும் பிலிப்ஸும். மறு பக்கம் டோஷிபாவும் கூட்டாளிகளும். டோஷிபா தன் தட்டுக்கு வைத்த பெயரின் சுருக்கமும் எஸ்.டி.தான். இன்னொரு டேப் யுத்தம் வேண்டாம் என்று கணினிக் கம்பெனிகள் நெருக்கியதில் இரண்டு கோஷ்டிகளும் சமாதானமாகி, இரண்டையும் கலந்து டி.வி.டி. என்று ஒன்றைப் பெற்றெடுத்தன. டோஷிபாவின் எஸ்.டி. தட்டு பிறக்காமலே போயிற்று. அதற்காக வரைந்து வைத்த அடையாளம் மட்டும் பெட்டியில் கிடந்தது. நாலு வருஷம் கழித்து வேறு குழந்தைக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். விட்டுக்கொடுத்த ஒரு சமாதானத்தின் தழும்பு இன்றும் ஒவ்வொரு கார்டிலும் இருக்கிறது.

பெயரின் முதல் எழுத்து 'பத்திரம்' என்ற பொருளுடைய ஆங்கில வார்த்தையைக் குறிக்கிறது. எதைப் பத்திரப்படுத்த? நம் படங்களை அல்ல. பாட்டுக் கம்பெனிகளின் பாட்டை யாரும் நகல் எடுக்காமலிருக்கப் பூட்டு. பாட்டுத் திருட்டு என்று அவர்கள் கூச்சலிட்ட காலம் அது. பூட்டு கார்டுக்குள் இருந்தது. அதை உபயோகித்தவர்களோ மிகச் சிலர். ஜனங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் படம் எடுத்துக் கார்டை நிரப்பிக்கொண்டார்கள்.

*

பாடம் ஒரு தடவையில் மண்டையில் ஏறுமா? 2002 ஜூலையில், ஸ்மார்ட் மீடியாவைக் கைவிட்ட ஒலிம்பஸும் புஜியும் சேர்ந்து எக்ஸ்.டி. என்று ஒரு புதிய கார்டைச் செய்தன. 20 மில்லிமீட்டருக்கு 25. அதிலும் கணக்குப்பிள்ளை இல்லை! சில ஒலிம்பஸ் காமிராக்களில் அகலமான காட்சிகளை ஒட்டிச் சேர்க்கும் வசதி, ஒலிம்பஸ் பெயர் போட்ட கார்டு இருந்தால்தான் வேலை செய்யும் என்று வேறு வைத்தார்கள். 2 கிகாபைட்டோடு அதன் வளர்ச்சி நின்றது. கடைசியில் இரண்டு கம்பெனிகளும் எஸ்.டி.க்கே வந்து சேர்ந்தன.

2010 ஜனவரியில் ஸோனியும் இறங்கி வந்தது. தன் காமிராக்களில் எஸ்.டி.க்கும் இடம் கொடுப்பதாக அறிவித்தது. தன் பெயரில் எஸ்.டி. கார்டு விற்கவும் செய்தது. பன்னிரண்டு வருஷ யுத்தம் ஆரவாரமில்லாமல் முடிந்தது. ஆனாலும் சுபாவம் போகுமா? மறு வருஷமே வீட்டா என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு மட்டும் வேறெங்கும் போகாத தனிக் கார்டு ஒன்றைச் செய்து விற்றது.

இதற்கிடையில் செல்போன் வந்துவிட்டது. தபால்தலைகூட அதற்குப் பெரிதாயிற்று. 2003-இல் மினி எஸ்.டி. வந்தது; நிலைக்கவில்லை. 2004-இல் ஸான்டிஸ்க் 'டிரான்ஸ் பிளாஷ்' என்று ஒரு துணுக்கைக் கொண்டு வந்தது. 15 மில்லிமீட்டருக்கு 11; கனம் ஒரே ஒரு மில்லிமீட்டர். தனிச் சொத்தாக வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் 2005-இல் சங்கத்திடம் ஒப்படைத்தது. 'மைக்ரோ எஸ்.டி.' என்று பெயர் மாறியது. இன்று நாம் மெமரி கார்டு என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அதுதான். 2019-இல் அந்த நகத்துணுக்கில் ஒரு டெராபைட் அடங்கியது. அம்மாவின் கார்டு அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு சேர்ந்தால் அதற்கு ஈடு.

ஆனால் சமாதானம் என்பது ஒரு நாள் செய்து முடித்துவிடுகிற காரியம் அல்ல. 2018-இல் சீனத்து ஹுவாவே கம்பெனி தன் போன்களுக்கென்று தனி அளவில் ஒரு கார்டு செய்தது. 2019 மே மாதம், அமெரிக்காவின் தடையை ஒட்டி, எஸ்.டி. சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலிலிருந்து அதே கம்பெனியின் பெயர் காணாமல் போயிற்று. சில நாட்களில் திரும்பவும் வந்தது. ராஜாங்கச் சண்டையின் காற்று பட்டால் நகத்துணுக்கும் ஆடுகிறது. இன்னொரு புறம், துவாரமே இல்லாத போன்கள் பெருகுகின்றன. ஐபோனில் 2007-இல் அது பிறந்த நாளிலிருந்தே துவாரம் கிடையாது. ஸாம்ஸங் 2021-இல் தன் உயர்ந்த ரகப் போன்களில் அடைத்துவிட்டது. ஞாபகத்தைக் கழற்றி நம் பெட்டியில் வைத்துக்கொள்ளும் உரிமை போய், வேறு யாருடைய கிடங்கிலோ மாத வாடகை கட்டி வைக்கும் காலம் வந்திருக்கிறது. வாடகை கட்டத் தவறினால் என்ன ஆகும் என்று அம்மா கேட்டிருப்பாள்.

*

ரிச்சித் தெருவில் நாலாவது கடையில்தான் ஒரு பெரியவர் இருந்தார். கார்டைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அடடே, ஸ்மார்ட் மீடியா! இதைப் பார்த்துப் பதினைந்து இருபது வருஷம் ஆயிருக்குமே சார்" என்றார்.

"பாய், இதில் படம் இருக்குமா?" என்றேன்.

"எந்த வருஷத்துப் படம்?"

"2002."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "உள்ளே இருக்கிற சார்ஜ் நாளாவட்டத்தில் கசிந்துபோகும் சார். பத்து வருஷம் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் ஒன்று. பழைய கார்டில் அறை பெரிசு; ஓர் அறைக்கு ஒரு சேதிதான். இப்போது வருகிற மாதிரி மூன்றையும் நாலையும் அடைக்கமாட்டான். பார்க்கலாம்."

கடையின் பின்னால் பழைய சாமான்கள் கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தேடினார். அரை மணி நேரம் கழித்து, நாலைந்து வகைத் துவாரங்கள் உள்ள ஒரு பழைய ரீடர் அகப்பட்டது. தூசி தட்டி, வேட்டித் தலைப்பால் கார்டின் பொன்தகட்டைத் துடைத்து, மெதுவாகச் செருகினார். கணினி வெகு நேரம் யோசித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மொத்தம் 23 படங்கள். நாலு படங்கள் திறக்கவில்லை. மற்றவற்றில் பெரும்பாலும் கோலம், கரும்பு, தெரு நாய், அக்காவின் குழந்தை. அம்மா இரண்டில் இருந்தாள். ஒன்றில் முதுகுதான் தெரிந்தது. மற்றொன்றில் வாசலில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னை நோக்கிக் கரண்டியை ஓங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது. "போடா அந்தண்டை" என்று சொன்ன கணம் அது.

பெரியவர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த ரீடரை விலைக்குக் கேட்டேன்; கொடுக்க மறுத்துவிட்டார். "உங்களைப் போல் இன்னும் யாராவது வருவார்கள் சார்" என்றார்.

வெளியே வந்து யோசித்தேன். கார்டைச் செல்லாது என்று யாரும் அறிவிக்கவில்லை. அதைப் படிப்போம் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஞாபகம் கார்டுக்குள் இருப்பதாக நினைக்கிறோம். கார்டுக்குள் இருப்பது சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள். நான் எழுதியதை நீ படிப்பாய் என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கில்தான் அது ஞாபகமாகிறது. ஸோனியையும் டோஷிபாவையும் குறை சொல்ல நான் யார்? 2002-இலிருந்து ஐந்தாறு வருஷங்கள் இந்தக் கார்டைப் படிக்கும் ரீடர் இதே தெருவில் எந்தக் கடையிலும் கிடைத்திருக்கும். வாக்கைத் தவறவிட்டது கம்பெனி அல்ல.

படத்தை இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்தேன். பிறகு, காகிதத்துக்குத் துவாரம் தேவையில்லை என்பதால், பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்து, ஊருக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினேன். அக்கா நெடு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பால் பொங்கி வழிகிறது பாரடா. அதை விட்டுவிட்டு உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்" என்றாள்.